குளியலறைக்கு மூன்றரை அடிக் கதவு

இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்குச் சக்கர நாற்காலிதான். மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டில் குளியலறை கொல்லைக் கோடியில் இருந்தது. அதனால் கூடத்தை ஒட்டிய நெல் அறையைக் குளியலறையாக மாற்றினோம். இப்படி ஒரு வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாத்ரூம் கதவு என்றால் இரண்டரை அடி என்பார்கள். அது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் சட்டத்துக்கு இரண்டரை அங்குலம் போனால் மிச்சம் 25 அங்குலம். அம்மாவின் நாற்காலி சக்கரத்தோடு 26. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சக்கர நாற்காலி போகும் கதவுக்குத் தடையில்லாத வழி 900 மில்லிமீட்டர் கேட்கிறது, ஏறக்குறைய மூன்று அடி. சட்டம், திறந்து நிற்கும் கதவின் கனம் எல்லாம் கழித்து அது கிடைக்க, நிலை மூன்றரை அடி வேண்டும்.

“ஏம்மா, வாசக்கதவு அளவை பாத்ரூமுக்குக் கேக்குறீங்க?” என்றார் தச்சர். நாற்காலியை உருட்டிக் காட்டியதும் சரியென்று விட்டார். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தோம். உட்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் திறக்கவே முடியாது. இதை யாரும் விடாதீர்கள்.

அறை உள் அளவு எட்டுக்கு ஏழு அடி. மனையடிப்படி ஏழு ஆகாது என்று மேஸ்திரி ஓரமாகச் சுவர் எழுப்பி ஆறாக்கச் சொன்னார். எனக்கு நாற்காலி திரும்புமா என்றுதான் கவலை. அதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு அம்மாவையே சுற்றிப் பார்க்கச் சொன்னோம். கம்மோடு எட்டடியின் ஒரு கோடியில் போனால் ஆறிலும் திரும்பியது. மேஸ்திரிக்கும் எனக்கும் நிம்மதி.

மாட்டிக்கொண்டது கம்மோடில். நாங்கள் வாங்கியது 9 அங்குல எஸ் டிராப், அதாவது கழிவு தரைக் குழாய் வழியாகக் கீழே இறங்கும் வகை. அந்த 9, டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து குழாயின் நடு வரை. பிளம்பர் வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்து குழாயைப் பதித்துவிட்டார். பூச்சும் டைல்ஸும் ஒன்றேகால் அங்குலத்தை எடுத்துக்கொள்ள, கம்மோடின் தண்ணீர்த் தொட்டி சுவரில் இடித்தது. புதுத்தரையை உடைத்தோம், இரண்டு நாள் போயிற்று. எந்த அளவைச் சொன்னாலும் பூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுவிடுங்கள்.

உட்காரும் உயரம் வழக்கமாக 16 அங்குலத்துக்குள் இருக்கும். நாங்கள் 18 பார்த்து வாங்கினோம், முழங்காலுக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய உதவி. கைப்பிடிக் கம்பியை நாலரை அங்குலச் சுவரில் நம்பி மாட்டவில்லை, பழைய கனத்த சுவரில்தான் போட்டோம். உயரத்துக்கு அளவு கேட்கவில்லை. அம்மா உட்கார்ந்து கை நீட்டிய இடத்தில் பென்சிலால் குறித்தோம்.

குளியலறைத் தரை கூடத்திலிருந்து நாலு அங்குல இறக்கம். அங்குலத்துக்கு ஓரடி கணக்கில் நாலடிச் சரிவு போட்டோம். அம்மா இப்போது தானே உருட்டிக்கொண்டு போய் வருகிறார்கள்.