மெமரிஸ்டர் பதிவு: மூன்றாவது துடிப்பில் புரண்ட பூஜ்யம்

மெமரிஸ்டர் என்பது தன் வழியே ஓடிய மின்னோட்டத்துக்கேற்ப மின்தடை மாறி, அதை நினைவில் வைத்துக்கொள்ளும் உதிரிபாகம். ஆனால் உதிரிபாகம் எதையும் கையால் தொடவில்லை. எல்லாம் ஸ்பைஸ் (மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) சிமுலேஷன்தான். நினைவகத்தில் கிடக்கும் பிட்டை வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே கணக்குப் போடவைக்க ஆசை. 2010-ல் எச்பி ஆய்வகத்தார் செய்துகாட்டிய 'இம்ப்ளை' செயலில் தொடங்கினேன்: முதல் பிட் 0 என்றால் இரண்டாவது 1 ஆகும், முதல் பிட் 1 என்றால் இரண்டாவது இருந்தபடியே இருக்கும்.

சுற்று எளியது. பி, க்யூ என இரண்டு மெமரிஸ்டர்கள். இரண்டும் கூடும் முனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று. மெமரிஸ்டர் 100 கிலோ ஓமில் இருந்தால் 0, 1 கிலோ ஓமில் இருந்தால் 1. பி-க்கு 0.7 வோல்ட்டும் க்யூவுக்கு 1 வோல்ட்டும் ஒரே நேரத்தில், ஒரு சிறு துடிப்பாகக் கொடுக்க வேண்டும். பி 0 என்றால் முனை தாழ்ந்தே கிடக்கும். க்யூ மீது 0.86 வோல்ட் விழுந்து அது 1 ஆகும். பி 1 என்றால் முனை 0.64-க்கு ஏறிவிடும், க்யூவுக்கு மிஞ்சுவது 0.36 மட்டுமே. அது அசையக் கூடாது.

அசைந்தது. ஒரே துடிப்பில் 100 கிலோ ஓம் 76 ஆனது, அடுத்ததில் 38. மூன்றாவதில் என் 0, யாரும் கேட்காமலே 1 ஆகிவிட்டது. இணைப்பில் பிழை தேடி ஒரு மாலை வீணானது. குற்றம் நான் எடுத்திருந்த மெமரிஸ்டரின் கணித மாதிரியில்! 2008-ல் வெளிவந்த நேரியல் நகர்வுச் சமன்பாடு அது. வாசல் மின்னழுத்தம் (அதைத் தாண்டினால்தான் மெமரிஸ்டர் மாறும் என்ற எல்லை) என்பதே அதில் கிடையாது, எவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

0.6 வோல்ட் வாசல் உள்ள மாதிரிக்கு மாறியதும் க்யூ கல்லாக நின்றது. ஆனால் பி-க்கான 0.7-ஐ விருப்பம்போல் மாற்ற முடியாது. 0.4-க்கு இறக்கினால், பி 1 ஆக இருக்கும்போதே க்யூ மீது 0.63 விழுந்து விடை தவறுகிறது. 0.8-க்கு ஏற்றினால், இரண்டும் 0 ஆக இருக்கையில் பி மீதே 0.65 விழுந்து, உள்ளீடு கெடத் தொடங்குகிறது. 0.7-இல்கூட பி மீது 0.56, மயிரிழையில்தான் தப்புகிறது.

மூன்றாவது மெமரிஸ்டர் ஒன்றை 0 ஆக்கி, முதலில் பி-யையும் பிறகு க்யூவையும் அதன்மேல் 'இம்ப்ளை' செய்தால் மூன்றே படியில் நேண்ட் (இரண்டும் 1 என்றால் மட்டும் 0 தரும் செயல்). உள்ளீடுகளின் நான்கு சேர்க்கைகளும் சரியாக வந்தன, உள்ளீடுகளுக்கும் சேதமில்லை. அந்தத் தெம்பில் எக்ஸ்ஓஆரில் (இரண்டும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் செயல்) கைவைத்தேன். பாதி வழியில் க்யூவின் மேலேயே விடையை எழுதிவிட்டு, அடுத்த படிக்குப் பழைய க்யூவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நகலுக்கு இன்னும் ஒரு மெமரிஸ்டர் சேர்க்க வேண்டும்.