ஏத்தங்காய் சிப்ஸ்: களியக்காவிளையில் அடுப்பு மூட்டும் முன் முடித்த வேலைகள்

ஏத்தங்காய் (மற்ற மாவட்டத்தார் நேந்திரன் என்பது) சிப்ஸ் தொழில் என்றதும் பலரும் முதலில் உருளியும் (பொரிக்கும் அகலப் பாத்திரம்) அடுப்பும் வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் முதலில் முடிவு செய்தது, சரக்கை வாங்கப்போவது யார் என்பதை. கடைக்கு நேரில் வருகிறவர்களா, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை பேக்கரிகளா? களியக்காவிளையில் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்து முழு ஏற்பாடும் மாறும்.

காரணம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் பாறசாலை பேக்கரிக்கு இருபது கிலோ அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்கு முதல் பில்லிலிருந்தே பதிவு வேண்டும். குறைந்த வரி என்று ஆசைப்பட்டு காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) சேர்ந்தவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவே முடியாது. சேர்ந்த பிறகு இது தெரிந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நம் பதிவு எண் 33 என்று தொடங்கும், கேரளக் கடைக்காரர் எண் 32 என்று தொடங்கும். பில் போடும்போது இந்த இரண்டு இலக்கங்களைப் பாருங்கள், ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி) போட வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பதிவு எடுத்துவிட்டால், விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட வேண்டும்.

பத்திர வேலையில் நாள் வீணாவது பெரும்பாலும் முகவரியால்தான். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கதவு எண், கரண்ட் பில்லில் பழைய கதவு எண், வரி ரசீதில் வேறொன்று. இப்படி இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், எங்களுக்கும் வந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கட்டட உரிமையாளரிடம் சம்மதக் கடிதமும் அன்றே வாங்கிவிடுங்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, இணைப்பு வகையை மாற்ற வேண்டும். அதன்பின் உணவுப் பாதுகாப்புப் பதிவு, அதில் கிடைக்கும் 14 இலக்க எண் இல்லாமல் லேபிள் அச்சடிக்க முடியாது. உள்ளாட்சியின் தொழில் உரிமமும் வேண்டும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) ஆதாரை வைத்து நாமே இணையத்தில் போடலாம், கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

இனி காய்க் கணக்கு. லாபமோ நட்டமோ தீர்மானமாவது இங்கேதான். ஏத்தங்காயில் தோல் போனதும் எடை பெரிதாகக் குறையும், மீதிக் காயிலும் பாதிக்கு மேல் நீர். ஒரு கிலோ சிப்ஸுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் கிலோ 40 ரூபாய் என்றால் 140. சிப்ஸ் எடையில் ஏறத்தாழ 300 கிராம் அது குடித்த எண்ணெய், தேங்காயெண்ணெய் கிலோ 350 என்றால் 105. விறகு, உப்பு, மஞ்சள், கவர், கூலிக்கு 60. மொத்தம் 305. காய் விலை ஒரு ரூபாய் ஏறினால் சிப்ஸ் அடக்கம் மூன்றரை ரூபாய் ஏறும். ஓணத்துக்கு முன் காய் 60 ஆனால் அடக்கம் 375. பேக்கரிக்காரரிடம் வருடம் முழுவதற்கும் ஒரே விலை பேசிவிட்டால் அந்த 70 ரூபாய் நம் கையிலிருந்து போகும். அதனால் சந்தை விலையோடு மாறும் விலையைத்தான் பேச வேண்டும்.

விளையாத காயை மலிவென்று வாங்காதீர்கள். அதில் நீர் அதிகம், சிப்ஸ் குறைவாக விழும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். விளைந்த காயில் முனைகள் மழுங்கி, பக்கங்கள் உருண்டிருக்கும். ஆனால் பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. மாவு சர்க்கரையாக மாறிவிட்டால் உள்ளே வேகும் முன் ஓரம் கருகும். குலையோடு எடை போட்டு வாங்கினால் தண்டின் எடைக்கும் காசு கொடுக்கிறோம் என்பதைக் கணக்கில் சேருங்கள். முதல் பத்து நாள் காய் எடை, சிப்ஸ் எடை, எண்ணெய் குறைந்த அளவு, மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் கைக்கு வரும் விகிதம் அதில்தான் தெரியும்.

சீவல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். கூடினால் நடு மெத்தென்று நிற்கும். உப்பு மஞ்சள் தண்ணீரை (லிட்டருக்குக் கால் கிலோ உப்பு) சீவல் முக்கால் பதம் வெந்தபின் ஒரு சிறு கரண்டி அளவு எடுத்து, கொதிக்கும் எண்ணெயிலேயே ஊற்ற வேண்டும். படபடவென்று பொங்கும், உருளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் வழிந்து அடுப்பில் விழும். சத்தம் அடங்கி, சிப்ஸ் ஒன்றோடொன்று உரசும் ஒலி கலகலவென்று கேட்டதும் அரித்தெடுக்கலாம். எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து சேரும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அளக்கும் கருவி இல்லாதபோதும் அடங்காத நுரை, கறுத்த நிறம், சீக்கிரமே கிளம்பும் புகை ஆகியவை எச்சரிக்கை. பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி ஊற்றி ஓட்டுவது சரக்கையே காறலாக்கும்.

நன்றாக ஆறியபின்தான் கவரில் போட வேண்டும். இளஞ்சூட்டில் அடைத்தால் உள்ளே நீர் பூத்து, இரண்டு நாளில் நமத்துவிடும். லேபிளில் தமிழும் மலையாளமும் மட்டும் போதாது, ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம். பச்சை வட்டக் குறி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எம்ஆர்பி எல்லாம் வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் முத்திரை.

கடைசியாகக் கைமுதல். பேக்கரிகள் பதினைந்து நாள் பாக்கி கேட்டால், நாளுக்கு 20 கிலோ அனுப்பும்போது 305 ரூபாய் அடக்கத்தில் 91,500 ரூபாய் வெளியே நிற்கும். அந்தத் தொகையை அடுப்புச் செலவோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்த பிறகே அவர்களுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினோம். விற்காத பாக்கெட்டைத் திருப்பி எடுப்பது எத்தனை நாளுக்குள் என்பதையும் முதல் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.