86 வாங்கியவர் கீழே போனார்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கக் கிளம்பிய எங்கள் குழுவில் ஆக்சிமீட்டர் கொண்டுவந்தவரை, நடை தொடங்கும் நேபாளத்து லுக்லா விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் 527 மீட்டர் மட்டுமே நீளமுள்ள, ஒரு முனையில் பள்ளத்தாக்கும் மறு முனையில் மலையும் கொண்ட ஓடுபாதையில் விமானம் இறங்கி நின்ற மகிழ்ச்சியில், அவர் சட்டைப்பையில் இருந்த சின்ன டப்பாவை யார் கவனித்தார்கள்?

நாம்சே பஜார் என்ற மலையூரில் அது வெளியே வந்தது. உயரம் 3,440 மீட்டர். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும். கொண்டுவந்தவர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். எண் இருக்கும் இடத்தில் அட்டவணை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அன்றிரவே ஒரு நோட்டில் எங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதிக் கோடு போட்டுவிட்டார். அவருக்கு 92, எனக்கு 85. அதன் பிறகு எவரெஸ்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அடிவார முகாமில் (5,364 மீட்டர்) அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே எல்லோருடைய எண்ணும் இறங்கத்தான் செய்யும். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம், பக்கத்தில் இருப்பவரைவிடத் தன் எண் குறையாத வரையில். தேங்போச்சே விடுதியில், சாண வறட்டி எரியும் அடுப்பைச் சுற்றி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முறை வருவதற்கு முன் வெளியே போய் ஆழமாக மூச்சிழுத்துவிட்டு வந்தார். அப்படிச் செய்தால் எண் கொஞ்ச நேரம் ஏறும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும் என்று யாரோ சொன்னார்கள். தேநீர் டம்ளர்களை அணைத்துக்கொண்டார்களே தவிர, யாரும் குடிக்கவில்லை. மனைவிக்கு 84, தனக்கு 79 என்று வந்த ஒருவர் டிங்போச்சே வரைக்கும் மனைவியோடு பேசவில்லை.

எங்கள் ஷெர்ப்பா வழிகாட்டி அந்த நோட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "தலை வலிக்கிறதா? சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா?" இந்த மூன்றும்தான் அவருடைய கேள்விகள். பிறகு யார் தட்டில் தால் பாத் (பருப்பும் சோறும்) மிச்சம் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். நடக்கும்போது ஒரே மந்திரம்: "பிஸ்தாரை, பிஸ்தாரை." மெதுவாக, மெதுவாக.

தூக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். நள்ளிரவில், உறைகுளிரில், தூக்கப்பையின் ஜிப்பைத் தேடிப் பிடித்துத் திறந்து, தலைவிளக்கு மாட்டி, கழிப்பறைக்குப் போய், டிரம்மில் உறைந்த நீரைக் குவளையால் உடைத்து முடித்துத் திரும்பினால், படுத்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் வரும். வீரம் பேசும் பயணக் கட்டுரைகளில் இந்தப் பகுதியை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, அந்த உயரத்தில் தூங்குகிறவர்களின் மூச்சு சில நொடிகள் அப்படியே நின்று, பிறகு 'ஹப்' என்று இழுக்கும். பலருக்கும் வருவதுதான். அறைத் தோழருக்கு மூச்சு நின்றதை முதல் முறை கேட்டபோது, விளக்கை அவர் முகத்தில் அடித்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து நன்றாகத் திட்டினார். நிம்மதியாக இருந்தது.

லோபுச்சேயில் (4,940 மீட்டர்) கணக்காளருக்கு 86. மீண்டும் முதலிடம். எனக்கு 74. முடிவை அறிவித்துவிட்டு, வந்த பூண்டு சூப்பைத் தொடாமல் தள்ளிவைத்தார். காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் வாந்தி எடுத்தார். தலைவலி பிளக்கிறது என்றார். "ஆனால் 86!" என்று விரலை நீட்டினார். வழிகாட்டி விரலைப் பார்க்காமல் அவர் பையைத் தூக்கி உதவியாளரிடம் கொடுத்தார். இந்த நிலையில் மேலே போகக் கூடாது, கீழே இறங்குவதுதான் மருந்து. 74 வாங்கிய நான் அப்போது இரண்டாவது முறை தால் பாத் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகத்தான்.

போகும்போது ஆக்சிமீட்டரையும் நோட்டையும் என் கையில் ஒப்படைத்தார். மாலை கீழேயுள்ள பெரிச்சேயிலிருந்து செய்தி வந்தது: தலைவலி விட்டதாம், வயிறாரச் சாப்பிட்டாராம், உங்கள் எண்களை உடனே அனுப்பவும்.

மறுநாள் அடிவார முகாம். கல்லும் பனியும் மஞ்சள் கூடாரங்களும். பெயர் எழுதிய பாறையருகே படமெடுக்க வரிசை. எங்கள் முறை முடிந்ததும் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்து, "எவரெஸ்ட் எங்கே?" என்றார். அங்கிருந்து சிகரம் தெரியாது. முன்னால் நிற்கும் மலைகள் மறைத்துவிடும். வழிகாட்டி காலா பத்தர் குன்றின் பக்கம் கையைக் காட்டினார். "அதில் ஏறினால் நன்றாகத் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பலாம்."

எல்லோரும் அந்தக் குன்றை அண்ணாந்து பார்த்தோம். பிறகு மனைவியைவிட ஐந்து குறைவாக வாங்கியவர், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார்.