ஒரு சாண் மண்

புனேக்குப் பக்கத்தில் சாஸ்வட் போகும் வழியில் சாலைக்காக மேட்டை வெட்டியிருந்தார்கள். இன்று காலை வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே புல். அதன் கீழே ஒரே ஒரு சாண் பழுப்பு மண். அப்புறம் முரம்பு, அதாவது பாறை சிதைந்த சரளை; அதற்கும் கீழே பாறை.

எரிமலைக் குழம்பு ஆறிய பசால்ட் அது. சுமார் 6.6 கோடி ஆண்டு பழசு.

முரம்புக்குள் உருண்டைக் கற்கள். ஒன்றைத் தொட்டேன், வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. துருநிறத் தூள் விரலில் ஒட்டியது. பாறை மண்ணாகிற வேலை கண்ணெதிரே நடக்கிறது!

பள்ளத்தில் இருக்கும் கரிசலும் இதே பாறையின் பிள்ளைதான். மேட்டிலிருந்து மழை அரித்துக்கொண்டு போன களியும் அங்கே சேர்ந்து ஆழமாகிவிட்டது. நனைந்தால் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

மேட்டில் மிஞ்சியது இந்த ஒரு சாண். தண்ணீரை வெகுநாள் பிடித்துவைக்க இடமில்லை. ஆனால் புல்லுக்கு அது போதும். மழை விழுந்ததும் துளிர்த்து, ஈரம் போவதற்குள் விதை உதிர்த்துவிடும்.

தீபாவளிக்கு அப்புறம் தங்கர் இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கொங்கண் கடற்கரைப் பக்கம் இறங்குவார்கள். வழியில் வயல்களில் கிடை போடுவார்கள். மேட்டுப்புல் தின்ற ஆட்டின் புழுக்கை கரிசலுக்கு எரு.

இந்த மேடுகளைத் தரிசுக் கணக்கில் சேர்த்து, குழி வெட்டி மரம் நடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குழி வெட்டினால் முரம்பு மேலே வரும், மண் அடியில் போகும், புல் அழியும். ஓநாய்கள் வாழ்கிற காடும் இந்தப் புல்தான். மரம் வேண்டுமா, சரி, ஓடைக்கரையில் ஆழமான மண் இருக்கிறது; அங்கே நடலாம்.