கடன் கேட்கப் போகுமுன் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குக் கதவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். சமுர்த்தி வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி, கைத்தொழில் அபிவிருத்திச் சபை எல்லாம் இருக்கின்றன. ஆனால் தொகை கொஞ்சம் பெரிதானதும் விண்ணப்பம் காணியில் முட்டி நின்றுவிடும். அதனால் கடன் படிவத்துக்கு முன்னே காணிப் பத்திரத்தைப் பாருங்கள்.

முதலில் பேர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களில் பேர்மிற் பெரும்பாலும் அப்பாவின் பெயரில் அல்லது கணவரின் பெயரில் இருக்கும். கணவர் இறந்திருந்தால், தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக அவர் உங்களைப் பதிந்தாரா என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேளுங்கள். பதிந்திருக்காவிட்டால் காணியில் இருந்து அனுபவிக்கலாம், ஈடு வைக்க முடியாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வங்கி அதிகாரியோடு வாதாடி இதில் பயனில்லை.

சீதனமாக உங்கள் பெயரிலேயே உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதிய காணி என்றால் சிக்கல் வேறு. வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும் வங்கி அவருடைய கையெழுத்தைக் கேட்பது இதனால்தான். 1911 இல் எழுதிய சட்டத்தின் இந்த விதி இன்றைக்கும் நம் தலையில் இருப்பது நியாயமா என்பது வேறு கதை. கணவர் காணாமற்போயிருந்தால், விட்டுப் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், அதே சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்தைப் பெற வழி வைத்திருக்கிறது. கணவர் காணாமற்போனவர் என்பதைக் காட்ட மரணச் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஆளைக் காணவில்லை என்றே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் சான்றிதழ் எடுக்கலாம். மரணச் சான்றிதழில் கைவைக்க மனம் வராதவர்களுக்கு இது பெரிய விடயம்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் தொகையைக் குறையுங்கள். சிறு தொகைக்கு இரண்டு பிணையாளிகள் போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். அரச உத்தியோகத்தர் ஒருவர் கிடைத்தால் வேலை சுலபம். ஆனால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, அதுதான் எல்லோரும் 'கிறிப்' என்பது, முதலில் நீங்களே எடுத்துப் பாருங்கள். முன்பு யாருக்காவது பிணை நின்று அவர் கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் உங்கள் பெயரில் வந்து நிற்கலாம். குழுவாகக் கிழமைக் கடன் (கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன்) எடுத்த பெண்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். கட்டி முடித்த கடன் என்றால் முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பைலில் வையுங்கள்.

கடனுக்குப் பதில் மானியம் கேட்டால், அது பெரும்பாலும் காசாக வராது, பொருளாக வரும்: தையல் மெசின், கோழிக்குஞ்சு, மா அரைக்கும் மெசின். மூன்று கடைகளின் விலைக்கூற்றும் உங்கள் பங்குத் தொகையும் கேட்பார்கள். இங்கே அதிகம் சறுக்குவது மின்சாரம். வீட்டு இணைப்பு பெரும்பாலும் ஒற்றை பேஸ், 30 அம்பியர். மா அரைக்கும் பெரிய மோட்டருக்கு மூன்று பேஸ் வேண்டும். ஒழுங்கையில் அந்த லைன் இல்லையென்றால் இழுக்கும் செலவு உங்கள் தலையில். மெசின் வந்து சாக்கு மூடிக் கிடக்கும். விலைக்கூற்று எடுக்கும்போதே மோட்டர் எத்தனை குதிரைவலு, எத்தனை பேஸ் என்று எழுதி வாங்குங்கள். ஒற்றை பேஸில் ஓடும் சின்ன மெசினே போதும் என்றால் அதையே கேளுங்கள். பெரிதாகக் கேட்டால்தான் தருவார்கள் என்பது வீண் நம்பிக்கை.

வட்டியில் ஒரு கேள்வியைத் தவறவிடாதீர்கள்: குறைந்துசெல்லும் மீதிக்கா, முழுத் தொகைக்கா? ஒரு இலட்சம் ரூபா, 12 வீதம், 24 மாதம் என்று வையுங்கள். மீதிக்கு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 4,707 ரூபா, மொத்த வட்டி 13,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. முழுத் தொகைக்கு என்றால் மாதம் 5,167 ரூபா, வட்டி 24,000. இரண்டுக்கும் பலகையில் 12 வீதம் என்றுதான் எழுதியிருக்கும். கிழமைக் கடன் இன்னொரு உலகம். 2018 இல் மத்திய வங்கி நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைக்கவேண்டி வந்ததே அதன் தன்மையைச் சொல்லும். வங்கித் தவணை கட்டக் கிழமைக் கடன் எடுப்பதுதான் இந்தத் தொழில்களைச் சாய்க்கும் முதல் காரணம்.

தவணையைத் தொழிலின் காலத்தோடு பொருத்துங்கள். காலபோக நெல் வெட்டு மாசி, பங்குனியில்தான். அதற்குப் பிறகுதான் ஊரில் காசு புழங்கும். ஆவணி, புரட்டாதியில் கடைகள் காற்று வாங்கும். சலுகைக் காலம் கிடைக்குமா என்று கேட்டு, முதல் தவணை அறுவடைக்குப் பிறகு விழும்படி பாருங்கள். கேட்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்தே ஓடும்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில்: அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான ஆதாரம். உணவுப்பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். கிணறு, மலசலகூடம், சமையல் இடத்தின் தரை, சுவர் இவைதான் அவர் கண்ணில் படும். பிரதேச சபை உரிமம் தனி.

விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விற்பனைக் காசைச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டு எடுங்கள். சின்னத் தொகையானாலும் பரவாயில்லை. 800, 1,200 என்று வந்து போகும் வரிகள் நாலு பக்கம் இருந்தால், அழகாகத் தட்டச்சு செய்த தொழில் திட்டத்தைவிட அதைத்தான் கடன் உத்தியோகத்தர் முதலில் புரட்டுவார்.