சைம் டார்பியில் தங்கிப் படித்தவள்

சுங்கை சிப்புட்டில் உயர்கல்வி வழிகாட்டி நாள் வைக்கிறோம், உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மேசை ஒதுக்கிவிட்டோம், உட்கார ஆள்தான் இல்லை என்று புலனத்தில் செய்தி வந்தது. யூயூஎம்மில், அதாவது கெடா மாநிலத்தின் சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில், படித்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டுக்கொடுக்க ஒருத்தரும் தயாராக இல்லை. சரி, நாமே போவோம் என்று கிளம்பிவிட்டேன்.

இடம் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம். எனக்கு இடப்பக்கம் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் ஏஜென்ட். வலப்பக்கம் ஒரு தனியார் கல்லூரி, பலூனும் அதிர்ஷ்டக் குலுக்கலுமாக. நடுவில் நான், பழைய பேனர் ஒன்றோடு. அதை இழுத்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் ‘சர்ர்’ என்று சுருண்டு உள்ளே போய்விடும். மேலே மின்விசிறி வேறு. கடைசியில் பள்ளிக் காவலாளி அண்ணன் ராஃபியா கயிறு கொண்டுவந்து, பூப்பந்துக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் பெயரில் பாதியைக் கயிறு மறைத்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டாக்டர் படிப்பு இருக்குங்களா?”

இல்லை. 1984-ல் ஆரம்பித்ததே நிர்வாகத் துறைக்கான பல்கலைக்கழகமாகத்தான். கணக்கியல், வணிகம், வங்கி, சட்டம் எல்லாம் உண்டு. மருத்துவம் இல்லை, பொறியியலும் இல்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மாக்கள் இடப்பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஓர் அக்கா மட்டும் திரும்பி வந்தார். எனக்குச் சந்தோஷம். மேசையிலிருந்த இலவசப் பேனாவில் இரண்டை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணி வாக்கில் ஒரு தாத்தா வந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவராம். பேரனைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, விசாரணையை அவரே எடுத்துக்கொண்டார்.

“எடம் எவ்வளவு பெருசும்மா?”

“1,061 ஹெக்டர் தாத்தா.”

“ஏக்கர்ல சொல்லு.”

கைப்பேசியில் தட்டிப் பார்த்து, சுமார் 2,600 என்றேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பெரிய தோட்டந்தான். எத்தனை டிவிஷன்?”

டிவிஷன் இல்லை, காட்டுக்கு நடுவில் வளாகம், முன்பு ஈயம் எடுத்த நிலம், உள்ளேயே ஆறு ஓடுகிறது என்றெல்லாம் விளக்கினேன். ஆறு ஓடுகிறது என்றதும், வெள்ளம் வருமா, பாலம் இருக்கிறதா, மழைக்காலத்தில் பாதை எப்படி என்று அடுக்கினார். வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எதற்கும் அதில் பதில் இல்லை. பிள்ளையை அனுப்பப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான் என்பது என் கட்சி.

“நீ எங்கம்மா தங்கியிருந்தே?”

“சைம் டார்பியில தாத்தா.”

வாய் தவறி வந்ததில்லை, உண்மையே அதுதான். சிந்தோக்கில் மாணவர் விடுதிகளுக்கு நிறுவனங்களின் பெயர்கள். மேபேங்க், புரோட்டோன், பெட்ரோனாஸ், சைம் டார்பி என்று வரிசையாக இருக்கும். என் தோழியின் அப்பா, மகள் பெட்ரோனாஸில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி, அவளுக்கு இரண்டு வரன்கூட வந்துவிட்டது.

தாத்தாவுக்கு சைம் டார்பி என்றால் விடுதியில்லை, தோட்டம்தான். “சைம் டார்பிலயா? அதுக்கு ஏம்மா அவ்வளவு தூரம்? இங்கயே கேட்டா லயத்துல வீடு குடுப்பானே!” பிறகு பேரன் பக்கம் திரும்பி, 2007-ல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று தோட்ட நிறுவனங்களையும் இணைத்த கதையை ஆரம்பித்துவிட்டார். தோட்டப் பிரிவின் பெயரை 2024-ல் எஸ்டி கத்ரி என்று மாற்றியதில் அவருக்கு ஏகத் திருப்தி. “கடைசியில எங்க கத்ரி பேருதான் நின்னுச்சு பாத்தியா!” நான் இடையில் புகுந்து அது வெறும் விடுதி என்று சொன்னது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அடுத்து ஒரு தம்பி. உறுமி மேளக் குழுவில் இருக்கிறானாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூபியூ விண்ணப்பத்தில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்றதும் முகம் மலர்ந்தது. “அக்கா, தைப்பூசத்துக்கு ராத்திரி பூரா உறுமி அடிச்சிருக்கேன். அதுக்கு எத்தனை மார்க்?” பள்ளியில் சேர்ந்திருக்கும் சங்கம், விளையாட்டு, சீருடை இயக்கம் பற்றிக் கேட்டேன். யோசித்துவிட்டு, கோயில் தலைவரிடம் கடிதம் வாங்கி சாப் அடித்துக் கொண்டுவந்தால் நடக்குமா என்றான். தலைவர் மறுக்க மாட்டார், தன் மாமாதான் என்றும் சொன்னான்.

இன்னொரு குடும்பம். அம்மாவின் முதல் கேள்வியே வெள்ளிக்கிழமை சைவம் கிடைக்குமா என்பதுதான். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்றேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “வெள்ளிக்கிழமை லீவா? தலைக்குக் குளிச்சு விளக்கேத்தலாம்” என்று மகளுக்கு அங்கேயே அட்டவணை போட ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்குத்தான் அதிர்ச்சி. “அப்ப ஞாயித்துக்கிழமை வகுப்பா? நாங்க எப்ப போய்ப் பாக்கறது?” பிடிபிடிஎன் என்னும் அரசுக் கல்விக் கடன் என்றதும் இன்னும் சோர்ந்தார். இளங்கலையில் முதல் வகுப்பு எடுத்தால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டுச்சா?” என்று மகளைப் பார்த்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: “அங்க போன் லைன் நல்லா இருக்குமா அக்கா?”

மத்தியானம் மீ கோரிங் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், என் மேசைக்கு முன்னால் கூட்டம். அவ்வளவு பேரும் ஆண்கள். மாணவர் போல ஒருத்தர்கூட இல்லை. கையில் அடையாள அட்டை நகல், ஒருவரிடம் டிராக்டர் ஓட்டிய அனுபவக் கடிதம். வலப்பக்கத்துத் தம்பி எட்டிப் பார்த்து, “அக்கா, உங்க பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு மவுசா?” என்றான்.

தாத்தாவின் வேலை. சைம் டார்பியிலிருந்து ஒரு பெண் ஆள் எடுக்க வந்திருக்கிறாள் என்று வாசலில் தெ தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒவ்வொருவராக விளக்கி அனுப்பினேன். கடைசியாக நின்றவர் லோரி ஓட்டுநர். உரிமத்தின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து வந்திருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பேச்சோடு பேச்சாக, மகள் ஆறாம் படிவம், எஸ்டிபிஎம் தேர்வுக்குக் கணக்கியல் எடுத்திருக்கிறாள் என்றார். காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த பிள்ளை! பாய்ந்து கையேட்டை எடுத்துக் கொடுத்து, “அண்ணே, உங்க மகளுக்குன்னே உள்ள இடம் இது, அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க” என்றேன்.

அவர் கையேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உரிம நகலை மறுபடியும் என் பக்கம் தள்ளினார்.

“அவளுக்கு அப்புறம் பாக்கலாம்மா. மொதல்ல எனக்குச் சொல்லு, லோரி அங்கயே குடுப்பாங்களா, நம்மதான் கொண்டு போகணுமா?”