கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவது

மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு ஐடி வேலைக்காக வருகிற நம் ஆட்கள் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்ததும் வினைச்சொற்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் என்னை அந்த அலுவலகத்தோடு ஒட்ட வைத்தவை வேறு: போட்ட திட்டத்தை அன்றைக்கே உறுதி செய்துகொள்வதும், கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்வதும்.

"வெள்ளிக்கிழமை தோர்த்தா அஹோகாதா சாப்பிடப் போகலாம்" என்று திங்கட்கிழமையே பேச்சு வரும். தக்காளிச் சாற்றில் முக்கி எடுத்த பன்றி இறைச்சி ரொட்டி அது, அந்த ஊரின் பெருமை. எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை யாராவது வாட்ஸ்அப்பில் "சியெம்ப்ரே சீ?" என்று கேட்டாக வேண்டும். கடைசியில் போகிறோம்தானே என்று பொருள். "சாலே" என்றோ "ஓராலே" என்றோ பதில் வந்தால் மதியம் இரண்டரைக்குக் கிளம்பிவிடலாம். "சியெம்ப்ரே நோ" என்றால் இல்லை, அவ்வளவுதான். "தே அவிசோ", அதாவது சொல்கிறேன் என்று வந்தால், அவருக்கு நாற்காலி பிடித்து வைக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இப்படித் திரும்பக் கேட்டால், "அதான் வர்றேன்னு சொன்னேனே" என்று முகம் சுளிப்போம். அங்கே அந்தக் கேள்வியில் சந்தேகம் இல்லை. வர முடியாதவர் மனக்கசப்பில்லாமல் விலகிக்கொள்ள அது வழிவிடுகிறது. எனக்கு இந்தப் பழக்கம் மிகவும் பிடித்துப்போனது. சென்னைக் குழுவோடு பேசும் அழைப்புகளுக்கும் அதையே கடைப்பிடித்தேன். 2022 அக்டோபரில் மெக்சிகோவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்டதால், அங்கே காலை 8 மணி என்றால் சென்னையில் இரவு 7.30, ஆண்டு முழுவதும் அதே கணக்கு. ஆனால் அமெரிக்க வாடிக்கையாளரின் கடிகாரம் மார்ச்சிலும் நவம்பரிலும் நகரும். அந்த வாரங்களில் காலையில் ஒருமுறை கேட்டுவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

விடைபெறுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். வாசலில் நின்று பொதுவாகக் கையசைத்துவிட்டுப் போனால் ஒட்டாத ஆள் என்று நினைப்பார்கள். மேசை மேசையாகப் போக வேண்டும். ஆண்களுக்குள் உள்ளங்கையைத் தட்டி முஷ்டியோடு முஷ்டி. நெருங்கிப் பழகிய பெண்களிடம் கன்னத்தோடு கன்னம், ஒரு பக்கம் மட்டும். கூடவே "நோஸ் வேமோஸ்", அதாவது பார்ப்போம்; "குயிதாதே", பத்திரமாக இரு. பாடப்புத்தகத்தின் "அதியோஸ்" எங்கள் அலுவலகத்தில் அவ்வளவாகக் காதில் விழவில்லை. சாப்பாட்டுக் கடையிலிருந்து எழுந்து போகிறபோது பக்கத்து மேசையில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களிடமும் "புரோவெச்சோ" என்பார்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்துவதுபோல. அதை முதலில் கேட்டபோதே மனசு குளிர்ந்துவிட்டது.

இரவு விருந்து என்றால் இன்னொன்றும் உண்டு. வீடு போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லச் சொல்வார்கள், ஒப்புக்காக அல்ல. "யா யெகே", வந்துவிட்டேன், என்று அனுப்பினால் போதும். எங்கள் குழுவில் மூத்த பெண்மணி ஒருவர் எல்லோருடைய செய்தியும் வரும்வரை விழித்திருப்பார். யாருடையது வரவில்லையோ அவரை போனில் கூப்பிட்டே கேட்டுவிடுவார்.